மெழுகுதிரிப் பெட்டி: திரி நன்று, தாள் மோசம்

வீட்டிலேயே மெழுகுதிரி செய்வதற்கான பொருட்கள் அடங்கிய பெட்டி இது. கொழும்பிலிருந்து குரியரில் வந்தது. விலை 4,850 ரூபாய். மலையகத்தில் உள்ள எங்கள் ஊரான தலவாக்கலை வரை கொண்டுவந்து சேர்க்க 450 ரூபாய் தனி. விற்றவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பெட்டியை வேறு வேறு பெயர்களில் பலர் விற்கிறார்கள். நான் வாங்கியது அவற்றில் ஒன்று.

ஏன் வாங்கினேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊருக்குள்ளேயே மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை நிற்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் திட்டம். டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது அணைக்கு அக்கரையும் இருட்டு, இக்கரையும் இருட்டு. பிறகு 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். நாடு முழுவதும் மின்சாரம் போனது. அன்று மாலை மூன்று கடை ஏறி இறங்கியும் எனக்கு ஒரு பக்கெட் மெழுகுதிரி கிடைக்கவில்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். ஒல்லியான கடை மெழுகுதிரியை அடி உருக்கி, தட்டில் ஒட்டி, கொப்பி விளிம்பு பற்றிக்கொள்ளாமல் காவல் இருந்த இரவுகள் போதும் என்று ஆகிவிட்டது. கவிழாமல் மேசையில் உட்கார்ந்திருக்கும் அகலமான மெழுகுக் கிண்ணம் ஒன்று வேண்டும், அதை நானே செய்ய வேண்டும் என்று நினைத்தேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவளுக்கு இது என்ன பெரிய வேலை என்ற இறுமாப்பும் கொஞ்சம் இருந்தது.

பெட்டிக்குள் இருந்தவை: செதில் செதிலாக ஒரு கிலோ சோயா மெழுகு, அடியில் சிறு தகரத் தட்டு பொருத்திய பருத்தித் திரிகள் 30 (மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று பத்துப் பத்தாக), தட்டை ஒட்டுவதற்கு வட்ட ஸ்டிக்கர்கள், ஒரு வெப்பமானி, திரியை நடுவில் நிமிர்த்திப் பிடிக்க ஒரு துளையுள்ள உலோகப் பட்டை, 12 சென்ரிமீற்றர் அகலமான கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. கூடவே செய்முறைத் தாள். தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. எனக்கு இரண்டும் வாசிக்கத் தெரியும். பகலெல்லாம் வீட்டில் இருக்கும் அத்தைக்குத் தெரியாது. நெருப்போடு பழகுகிற பொருளில் குறைந்தது எச்சரிக்கைகளையாவது மூன்று மொழியிலும் அச்சிட்டிருக்கலாம்.

தாள் சொன்னது இதுதான்: அகலமான கிண்ணத்துக்குத் தடித்த திரி, அதை நடுவில் ஒட்டு, மெழுகை ஊற்று, முடிந்தது.

அப்படியே செய்தேன். வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகை உருக்கினேன். (நேரே அடுப்பில் வைக்கவே கூடாது. சூடு மிஞ்சினால் மெழுகு பற்றிக்கொள்ளும், பற்றிய மெழுகில் தண்ணீர் ஊற்றினால் தீ கூரை வரை எழும். மூடியால் மூட வேண்டும். இது தாளில் இருந்தது, அந்த மட்டில் நன்றி.) ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றியதில் ஏறத்தாழ 490 கிராம் போய்விட்டது. ஒரு கிலோ என்று பெரிதாகப் போட்டிருந்தது இரண்டு கிண்ணத்துக்குக் காணும், அவ்வளவே.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஏற்றினேன். பத்து மணிக்குப் பார்த்தால் நடுவில் ஏழு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு கிணறு. சுற்றிலும் இரண்டு விரல் தடிப்பில் வெள்ளைச் சுவர் அப்படியே நிற்கிறது. சுடர் கிணற்றுக்குள் இறங்கிவிட்டதால் மேசையில் வெளிச்சத்தைவிட நிழல்தான் அதிகம். திரியின் நுனியில் கரி காளான் குடைபோல விரிந்து, சுடர் விக்கி விக்கிப் புகைந்தது. எங்கள் ஊர்க் குளிரில் இந்தக் கோளாறு இன்னும் கூடுகிறது. சுடரிலிருந்து விளிம்புக்குப் போகிற சூட்டைக் குளிர்ந்த கண்ணாடி பாதி வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. நாலு மணி நேரத்தில் விளிம்பைத் தொடாத மெழுகு பிறகு எப்போதும் தொடாது. அடுத்த முறை ஏற்றும்போதும் அதே கிணறுதான் ஆழமாகும்.

ஒன்று போதாவிட்டால் இரண்டு. கிண்ணத்தை வெந்நீரில் வைத்து மெழுகைக் கழற்றி, மறுபடி உருக்கி, தடித்த திரி இரண்டை எதிரெதிராக, சுவரிலிருந்து மூன்று சென்ரிமீற்றர் தள்ளி நட்டேன். இது மற்றப் பக்கம் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் இரண்டு சுடரும் கட்டைவிரல் உயரத்துக்கு எழுந்தன. மெழுகு இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீராகிக் கிடந்தது. கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை. மூடி போட்டு அணைத்துவிட்டேன். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் மேல் ஓரத்தில் கரிக்கோடு இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் அத்தை வாய் திறந்தார். குத்துவிளக்கைப் பார், ஐந்து முகம் இருக்கிறது. ஐந்திலும் ஒரே அளவுத் திரிதானே போடுகிறோம், ஒன்று தடித்துவிட்டால் எண்ணெயை எல்லாம் அதுவே குடித்துவிடாதா, நீ ஏன் தடித்ததையே கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டார். நான் பட்டதாரி. அத்தை தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனவர். அவர் சொன்னதுதான் சரி.

ஆனால் குத்துவிளக்குக்கும் மெழுகுக் கிண்ணத்துக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. விளக்கில் எண்ணெய் ஏற்கெனவே நீராக இருக்கிறது. திரி விளிம்பில் கிடந்தாலும் அது தேடி வரும். மெழுகில் சுடர்தான் தன் சாப்பாட்டைத் தானே உருக்கிக்கொள்ள வேண்டும். உருகியது பருத்தி நூல்களின் இடுக்கில் மயிர்த்துளை ஏற்றத்தால் மேலே வந்து, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. ஆகவே ஒவ்வொரு திரிக்கும் தன்னைச் சுற்றி எவ்வளவு வட்டத்தை உருக்க முடியும் என்று முதலில் தெரிய வேண்டும். அந்த வட்டங்களை எப்படி அடுக்கினால் கிண்ணம் நிறையும் என்பது அடுத்த கணக்கு. தாள் எழுதியவர் இந்த இரண்டையும் யோசிக்கவே இல்லை.

மெல்லிய திரி ஒன்றை ஆறு சென்ரிமீற்றர் அகலமுள்ள ஜாம் போத்தலில் தனியாக நட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் போத்தலின் சுவர்வரை மெழுகு சீராக உருகிவிட்டது, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு. சுடர் அடக்கமாக நின்றது, புகை இல்லை. நான் தேடிய திரி அதுதான். கிண்ணம் 12, திரியின் வட்டம் 6. அதாவது கிண்ணத்தின் அகலத்தில் பாதியை உருக்குகிற திரியாக மூன்று.

அடுத்தது இடம். மகளின் கணிதப் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்தேன். வெற்றுத் தாள் ஒன்றில் கிண்ணத்தின் அளவுக்கு ஒரு வட்டம். அதற்குள் மூன்று சென்ரிமீற்றர் ஆரையில் இன்னொரு வட்டம். கவராயத்தை அகட்டாமல் உள்வட்டத்தின் மேல் நடத்திக்கொண்டு போனால் ஆறு புள்ளிகள் விழும். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் மூன்று. புள்ளிக்குப் புள்ளி 5.2 சென்ரிமீற்றர், புள்ளியிலிருந்து கண்ணாடிக்கு 3. அந்தத் தாளைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தால் கண்ணாடியூடாகப் புள்ளி தெரியும். அதன்மேல் திரியை ஒட்ட வேண்டியதுதான். திரிகள் இதைவிட நெருங்கினால் சுடர்கள் ஒன்றையொன்று சாய்ந்து சேர்ந்து ஒரே பெருஞ்சுடராகின்றன. விலகிப்போனால் கண்ணாடி சுடுகிறது.

ஒரு துளையுள்ள பட்டை மூன்று திரிக்கு உதவாது. அகலக் கிண்ணம் தருகிறவர் ஒற்றைத் துளைப் பட்டை தந்திருப்பதிலேயே அவர் அதை ஒருநாளும் எரித்துப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஆறு முறித்துக் கழுவி, இரண்டிரண்டாக இறப்பர் வளையம் போட்டு, அதன் இடுக்கில் திரியைக் கவ்வவைத்துக் கிண்ணத்தின் குறுக்கே கிடத்தினேன். செலவு இல்லை.

இன்னொன்று: எங்கள் ஊர் இரவில் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் மெழுகு சுவரைவிட்டு விலகி, ஈரம் பட்டதுபோலத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. எரிவதற்கு அதனால் கெடுதி இல்லை, பார்க்கத்தான் அசிங்கம். கிண்ணத்தை அடுப்படியில் அரை மணி நேரம் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டு ஊற்றினால் சரியாகிவிடும். இரண்டு நாள் அப்படியே ஆறவிட்டேன்.

ஏற்றிய அந்த மாலையை இப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒன்றும் செய்யாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதல் அரை மணி நேரத்தில் ஒவ்வொரு திரியின் காலடியிலும் ஒரு ரூபாய்க் குற்றியளவு பளபளப்பு. பிறகு மூன்றும் தனித்தனிக் குளமாக வளர்ந்தன. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், நடுவில் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அந்தக் கணத்தில் கிண்ணத்துக்குள் வில்வ இலை ஒன்று கிடப்பதுபோல இருந்தது, ஒரு காம்பில் மூன்று இதழ். இரண்டரை மணி நேரத்தில் இதழ்களின் நுனி கண்ணாடியைத் தொட்டது. இதழுக்கும் இதழுக்கும் இடையே விளிம்போரத்தில் மூன்று சிறு வெள்ளைத் திண்ணைகள் மட்டும் மிஞ்சின. அவையும் அடுத்த நாள் எரிப்பில் கரைந்துவிட்டன. புகை இல்லை, கிணறு இல்லை. மகன் தன் கொப்பியைக் கிண்ணத்தின் பக்கம் நகர்த்திக்கொண்டான்; நான் சொல்லவில்லை.

திரிகளைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். தட்டையாகப் பின்னிய பருத்தி. ஏற்கெனவே மெழுகில் தோய்த்து விறைப்பாக்கியவை. பின்னல் ஒரு பக்கம் இறுக்கமாக இருப்பதால் எரிய எரிய நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானே கருகி உதிர்ந்துவிடும். 1825இல் கம்பசரே என்ற பிரெஞ்சுக்காரர் இப்படிப் பின்னிய திரியைக் கொண்டுவரும்வரை மெழுகுதிரிப் பக்கத்தில் கத்தரியோடு ஓராள் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் மூன்று திரி போடும்போது இந்த வளைவைக் கவனிக்க வேண்டும். என் கிண்ணத்தில் ஒன்று கண்ணாடியை நோக்கி வளைந்தது. அணைத்த கையோடு, மெழுகு இளகியிருக்கும்போதே கொண்டை ஊசியால் உள்ளே திருப்பிவிட்டேன். அணைப்பதற்கும் அந்தக் கொண்டை ஊசிதான்: திரியை உருகிய மெழுகில் ஒரு தடவை முக்கி நிமிர்த்திவிட்டால் புகையே வராது. ஊதினால் மூன்று திரியின் புகையும் மூக்கில் ஏறும். அடுத்த முறை ஏற்றுமுன் நகவெட்டியால் ஆறு மில்லிமீற்றருக்கு நறுக்கிவிட வேண்டும், மூன்றையும் ஒரே அளவாக. ஒன்றை மட்டும் ஏற்றி மிச்சம் பிடிக்கலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். ஒருநாள் அப்படிச் செய்து பார்த்ததில் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு.

சமையலறைத் தராசில் நிறுத்ததில் நாலு மணி நேரத்துக்கு 54 கிராம் எரிகிறது. அந்தக் கணக்கில் ஒரு கிண்ணம் முப்பத்தைந்து மணி நேரத்தைத் தாண்டும். ஆனால் அரை மணி நேர மின்வெட்டுக்கு இதை ஏற்றாதீர்கள். ஏற்றினால் மூன்று திரிக்கும் மூன்று குழி விழும். குறைந்தது மூன்று மணி நேரம் எரிக்க முடிகிற இரவுக்குத்தான் இது. சின்ன மின்வெட்டுக்குக் கடை மெழுகுதிரியே போதும்.

இனி வயிற்றெரிச்சல். ஏழாவது மாலை. மெழுகு ஒன்றரை சென்ரிமீற்றர்தான் மிச்சம். நான் உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஓடு விழுந்ததுபோல ஒரு சத்தம். வந்து பார்த்தால் கிண்ணத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு, மெழுகு மேசை விரிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடந்தது இது: மெழுகு அடிவரை இளகியதும் பெட்டியில் தந்த ஸ்டிக்கர் பிடியை விட்டிருக்கிறது, திரி தன் தகரத் தட்டோடு மிதந்துபோய்க் கண்ணாடியில் சாய்ந்து நின்று எரிந்திருக்கிறது. அந்தக் கண்ணாடியோ சூடு தாங்கும் கண்ணாடி இல்லை. தப்பு என்னிடமும் உண்டு, ஒரு விரற்கடை மெழுகு மிச்சமிருக்கும்போதே நிறுத்தியிருக்க வேண்டும், ஆளில்லாமல் விட்டும் போயிருக்கக் கூடாது. ஆனால் நிறுத்த வேண்டிய அளவைத் தாள் சொல்லவே இல்லை.

இப்போது பழைய எனாமல் கிண்ணம் ஒன்றில் செய்து வைத்திருக்கிறேன். அதுவும் 12 சென்ரிமீற்றர்தான். ஸ்டிக்கர்களைக் குப்பையில் போட்டுவிட்டு, வாகன உதிரிப்பாகக் கடையில் விற்கும் சூடு தாங்கும் சிவப்பு சிலிக்கன் பசையால் தட்டுகளை ஒட்டி ஒருநாள் காயவிட்டேன். இதுவரை அசையவில்லை. எனாமல் சுடும்; அடியில் ஓடு ஒன்று வைக்க வேண்டும்.

தயிர்ச் சட்டியிலும் செய்து பார்த்தேன், எல்லோர் வீட்டிலும் அடுக்கிக் கிடக்கிறதே என்று. வாய் 17 சென்ரிமீற்றர். கடை மெழுகுதிரிகளை உருக்கி ஊற்றி, அத்தையின் ஆசைப்படி நடுத்தரத் திரி ஐந்து, நாலு சுற்றிலும் ஒன்று நடுவிலும். கடை மெழுகுதிரியின் மெழுகு ஆறும்போது நன்றாகச் சுருங்கும். ஒவ்வொரு திரியைச் சுற்றியும் பள்ளம் விழுந்து இரண்டாம் தடவை ஊற்ற வேண்டியிருந்தது. ஏற்றியதும் நடுத்திரிக்கு நாலு பக்கச் சூடும் சேர்ந்து, அது மட்டும் நெட்டையாக எழுந்து புகைந்தது. அதைப் பிடுங்கிவிட்டேன். அதற்குள் சட்டியின் வெளிப்புறம் வியர்க்கத் தொடங்கிவிட்டது. சுட்ட மண்ணின் துளைகளூடாக மெழுகு கசிகிறது. மேசையில் எண்ணெய் வட்டம். மெழுகில் ஊறிய மண்சட்டியே திரியாகிவிடுமோ என்று பயந்து, அணைத்து, சட்டியைச் செடிக்குக் கொடுத்துவிட்டேன்.

புள்ளி போடச் சொன்னால்: மெல்லிய திரிக்கு ஐந்துக்கு ஐந்து. மெழுகுக்கு மூன்றரை. வெப்பமானி சரியாகக் காட்டுகிறது, நாலு. ஸ்டிக்கர், பட்டை, தாள் மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. கிண்ணத்துக்குப் புள்ளி இல்லை. முழுப் பெட்டியாக வாங்க வேண்டாம். மெல்லிய திரியும் மெழுகும் தனித்தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள். கிண்ணம் உங்கள் அலுமாரியிலேயே இருக்கும்.

வெடித்த கிண்ணத்தைப் பற்றி விற்றவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். கிண்ணம் அலங்காரத்துக்குத் தந்தது மிஸ் என்றான். எரிக்கிற பொருளை அலங்காரக் கிண்ணத்திலா ஊற்றச் சொன்னீர்கள் என்று கேட்டதற்குச் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, நட்டஈடாகப் பத்துத் திரி இலவசமாக அனுப்புவதாகவும் எந்த அளவு வேண்டும் என்றும் கேட்டான். மெல்லியது என்று சொன்னேன். சந்தேகத்துக்கு மறுபடியும் ஒரு தடவை சொன்னேன். அவனும் எழுதிக்கொண்டதாகச் சொன்னான்.

போன செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. பத்தும் தடித்தவை. ஏற்கெனவே இருந்ததில் மூன்றை நான் வீணாக்கியிருந்தேன்; ஒன்றை அத்தை சாமி விளக்கில் போட்டுப் பார்த்து, படபடவென்று பொரிகிறது என்று திருப்பித் தந்துவிட்டார். ஆக, மேசை லாச்சியில் இப்போது புதிதாகவே 16 இருக்கின்றன.